முப்பதுக்கு மேல வேண்டாம்

பைக்க அந்தத் தகரத்துக்கு அடியில நிறுத்திட்டு உள்ள வந்து உக்காருங்கண்ணா. உங்க ஆளு ஓட்டிட்டு வந்த டிராக்டருக்கு முன்னால நாலு லாரி நிக்குது. ஒவ்வொண்ணா மேடையில ஏத்தி, எடை போட்டு, சீட்டுக் குடுத்து அனுப்ப எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். மக்காச்சோளந்தானுங்களே, வெயில்ல நின்னா ஒண்ணும் ஆகாது.

நீங்க ஜன்னலத் தாண்டறப்பவே பாத்தேனுங்க. உங்க வண்டியில வேகம் காட்டற மீட்டர் முள்ளு ஆடுது. மெதுவா உருட்டிட்டு வர்றப்பவே முப்பது வரைக்கும் தாவுது, மறுக்கா கீழ விழுவுது. ரொம்ப நாளாவே அப்படித்தானா? பழைய வண்டின்னா வரும். ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல யாராச்சும் மாசமா இருக்கறாங்களா? இல்லைங்களா. அப்பச் சரி. அவசரமில்ல, பொறுமையாப் பாத்துக்கலாம்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. இந்த எடை மேடையில பதினாறு வருசமா இருக்கறேன். அதா, செவுத்தோரமா நிக்குதே செவப்பு வண்டி, அது என்னுதுதான். நான் வாங்கறப்பவே பத்து வருசப் பழசு. அதுலயும் முள்ளு இப்படித்தான் ஆடுச்சு. இப்ப ஆடாது. ஓட்டிப் பாருங்க, ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். ஆனா அதச் சரி பண்ண எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. மார்கழியில ஆரம்பிச்சு சித்திரையில முடிஞ்சது. இருங்க, இந்த லாரிய அனுப்பிட்டு வர்றேன்.

முள்ளு ஆடுச்சுன்னா கீழ முன்சக்கரத்துல ஆரம்பிச்சு மேல வரணுமுங்க. இல்லாட்டி மேல மீட்டர்ல ஆரம்பிச்சுக் கீழ எறங்கணும். நடுவுல ஆரம்பிக்கக் கூடாது. நான் நடுவுல ஆரம்பிச்சேன், கேபிள்ல இருந்து. அதான் இழுத்துருச்சு. சொல்லிக் குடுக்க அன்னிக்கு ஆளில்லை.

எதுக்கு ஆரம்பிச்சேன்னா, டாக்டரம்மா சொன்னதுனால. என்ற சம்சாரம் வாணி. கோகிலவாணின்னு பேரு, எல்லாருக்கும் வாணி. கண்ணாலம் ஆகி அஞ்சு வருசத்துல ரெண்டு தடவ மாசமாயி, ரெண்டும் தங்கல. ஒண்ணு மூணாம் மாசம், ஒண்ணு நாலாம் மாசம். பொறவு மூணாவது. மார்கழியில தாராபுரத்துல ஒரு லேடி டாக்டர்கிட்டக் காட்டப் போனோம். எங்கூர்ல இருந்து பதினெட்டு கிலோமீட்டர். பாத்துட்டு, இந்தத் தடவ பொங்கல் கழிஞ்சு கர்ப்பப்பை வாயில ஒரு தையல் போட்டுறலாம், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து காட்டுங்கன்னு சொன்னாங்க.

"எதுல வந்தீங்க?"ன்னாங்க.

"வண்டியிலதானுங்க."

"மெதுவாக் கூட்டிட்டு வாங்க. முப்பதுக்கு மேல வேண்டாம்."

அவ்வளவுதான். அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க.

நாங்க வெளிய வந்து வண்டிய எடுத்தோம். மீட்டரப் பாத்தா முள்ளு இருவதுக்குப் போகுது, அம்பதுக்குப் போகுது. முப்பது எங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருசம் அது ஆடிட்டுத்தான் இருந்துச்சு. நான் கவனிச்சதே இல்லைங்க. வேணுங்கறப்பத்தான கண்ணுல படுது.

மெக்கானிக் ஜெயபால்னு ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுகிட்ட இருந்தாரு. அவருகிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. "காத்து மூஞ்சில அடிக்கறத வெச்சே வேகம் தெரியாதாண்ணா? மெதுவாப் போனாப் போதும், அதுக்கு எதுக்கு முள்ளு?"ன்னாரு. மெதுவான்னா எவ்வளவுன்னு கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல. நான் எடை மேடைக்காரனுங்க. ஒரு லோடு சுமாரா பத்து டன் இருக்கும்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா? மாட்டீங்க. எனக்கு முப்பதுன்னா முப்பது.

மொதல்ல கேபிள். மீட்டருக்கு அடியில ஒரு மரை இருக்கும், அதக் கழட்டி உள்ள ஓடற கம்பிய உருவுங்க. உருவி, சமமான எடத்துல, இந்த மேசை மேல கூடப் போதும், வெச்சு உருட்டுங்க. நேரா உருண்டா நல்லாருக்குது. துள்ளித் துள்ளி உருண்டா எங்கயோ மடங்கிருக்குதுன்னு அர்த்தம். என்னோடது நேரா உருண்டுச்சு. ஆனா வறண்டு போயிக் கெடந்துச்சு. கிரீஸ் தடவுனேன். நெறையாத் தடவிட்டேன். நீங்க அந்தத் தப்பப் பண்ணாதீங்க. விரல்ல ஒட்டற அளவு போதும், மேல ஒரு சாண் தடவவே கூடாது. கம்பி சுத்தறப்போ கிரீஸ மேல ஏத்திட்டுப் போயி மீட்டருக்குள்ள விட்டுரும். அது எனக்குச் சித்திரையிலதான் தெரிஞ்சது.

தை மாசம் ஆசுபத்திரிக்குப் போறப்போ முள்ளு நல்லாத்தான் நின்னுச்சு. தையல் போட்டாங்க. ரெண்டு நாள் படுக்க வெச்சிருந்தாங்க. திரும்பி வர்றப்போ பாதி வழியில மறுக்கா ஆட ஆரம்பிச்சுருச்சு. நான் வண்டிய ஓரங்கட்டி, கேபிள் எங்கயாச்சும் ஹேண்டில்ல இடிக்குதான்னு பாத்தேன். வாணி எறங்கி மைல் கல்லு மேல உக்காந்துட்டா. வெயிலு. "போலாமுங்க, இடுப்பு வலிக்குது"ன்னா. இரு புள்ள, அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகியிருக்கும்.

புதுக் கேபிள் வாங்கி மாட்டுனேன். அப்பவும் ஆடுச்சு.

அந்தச் சமயத்துல அவ தம்பி மகுடேசு வந்தான். மகுடேஸ்வரன். அவங்க வூடு தாராபுரத்துலயே, ஆசுபத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி. "மாமா, அக்காவ நாங்க கூட்டிட்டுப் போயி வெச்சுக்கறோம். நடந்தே போயிக் காட்டிட்டு வந்துறலாம், இந்த அலைச்சல் எதுக்கு"ன்னான். நான் முன்சக்கரத்தக் கழட்டி வெச்சிருந்தேன். கை பூராக் கரி. போன தடவ அங்க இருக்கறப்பத்தான கலைஞ்சதுன்னு சொன்னேன். வாணிதான், "நான் போறனே"ன்னா. வேண்டாம், இந்த வாரம் சரியாயிரும்னு சொன்னேன். நான் சொன்னது வண்டிய. சரின்னுட்டு உள்ள போயிட்டா. காப்பி வெச்சுத் தம்பிக்குக் குடுத்தா. அவன் போயிட்டான்.

கார் வெச்சுப் போகக் கூடாதான்னு நீங்க கேக்கலாம். வாணியும் கேட்டா. கார்க்காரன் முப்பதுல போவானுங்களா? நீங்களே சொல்லுங்க. நம்ம பேச்சக் கேட்டு ரெண்டு கிலோமீட்டர் போவான், பொறவு மிதிப்பான். ஆனது ஆச்சு, நம்ம கையில இருக்கறது நம்ம வண்டிதான்னு சொன்னேன்.

முன்சக்கரத்துக்கு வாங்க. அச்சுல, சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல ஒரு சின்ன டப்பா மாதிரி இருக்கும். அதுக்குள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒண்ணு. சக்கரம் சுத்தறத வாங்கிக் கேபிளுக்குக் குடுக்கறது அதுதான். அதுல பல்லு தேஞ்சிருந்தா, நாலு பல்லு பிடிக்கும், ஒரு பல்லு வழுக்கும். முள்ளு அதுக்குத் தக்கன ஆடும். என்னோடதுல மூணு பல்லு மழுங்கிப் போயிருந்துச்சு. எனக்குச் சந்தோஷமாப் போச்சுங்க. கண்டுபிடிச்சாச்சுன்னு நெனச்சேன். ஆனா அந்த மாடலுக்குப் பல்சக்கரம் கெடைக்கல. கோயமுத்தூர்ல இருந்து வரணும்னாங்க. ஒரு மாசம்.

அது வரைக்கும் என்ன பண்றது? கல்லு இருக்குதுல்ல, ரோட்டுல. கிலோமீட்டர் கல்லு. முப்பதுல போனா ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் சரியா ரெண்டு நிமிஷம் ஆகணும். வாட்ச்சக் கழட்டி ஹேண்டில்ல கட்டிட்டேன். ஒண்ணே முக்கா நிமிஷத்துல கல்லு வந்துட்டா வேகமாப் போறோம். கொறைச்சுக்குவேன். ரெண்டேகால் ஆச்சுன்னா மெதுவாப் போறோம், அது தப்பில்ல. என்ன, கல்லு, வாட்ச்சு, முள்ளு, மூணையும் பாக்கணும். பேச முடியாது.

மாசி மாசத்துல ஒரு நாள். அப்ப அஞ்சாம் மாசம் அவளுக்கு. போயிட்டுத் திரும்பி வந்துட்டு இருக்கறோம். ஒம்பதாவது கல்லு தாண்டிருச்சு. பின்னால இருந்து, "ஏனுங்க"ன்னா.

என்னன்னேன்.

"அசையுதுங்க"ன்னா.

நான், "ஆமா, நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். இருபத்தஞ்சுக்கும் நாப்பதுக்கும் நடுவுல அசையுது. பல்சக்கரம் வந்துட்டா நின்னுரும்"னு சொன்னேன்.

அவ எட்டி என்ற இடது கையப் பிடிச்சுட்டா. பிடிச்சுப் பின்னால இழுத்தா, அவ பக்கமா. கிளட்ச்சுக் கைங்க அது. வண்டி ஒரு ஆட்டு ஆடிருச்சு. நான் கைய உருவிட்டு, "ஓட்டறப்போ பிடிக்காத, பயப்படாம உக்காரு"ன்னு சொன்னேன். அவளுக்குப் பயம் வந்துருச்சு பாருங்க, முள்ளு ஆடறதப் பாத்து. அதுக்கு முன்னால அவ மீட்டரப் பாத்ததே இல்ல. சித்த நேரம் சிரிச்சாளாட்ட இருந்துச்சு, முதுகுல தெரிஞ்சது. பொறவு சிரிக்கல. வூடு வர்ற வரைக்கும் பேசல. எனக்கு அது வசதியாத்தான் இருந்துச்சு, கல்லு எண்ண.

ஒரு நிமிஷம். அந்த லாரிக்காரரு எடைச் சீட்டுக்கு நிக்கறாரு.

எங்க விட்டேன். ஆங், பல்சக்கரம். பங்குனியில வந்துச்சு. மாட்டுனேன். மாட்டறப்போ ஒண்ணு பாத்துக்கங்க, அந்த டப்பாவுக்கு உள்ள ரெண்டு காது இருக்கும், அது சக்கரத்துல இருக்கற பள்ளத்துல சரியா உக்காரணும். உக்காரலைன்னா அச்ச முறுக்கறப்போ நசுங்கிரும். நான் சரியாத்தான் மாட்டுனேன். ஆட்டம் பாதியாக் கொறைஞ்சுது. ஆனா நிக்கல. முப்பத்தஞ்சுல ஒட்டிக்கும், பொறவு தடால்னு இருவதுக்கு விழும். சக்கரம் சரி, கேபிள் சரி. அப்ப மிச்சம் மீட்டர் மட்டுந்தான்.

அந்த மாசம் ஆசுபத்திரிக்குப் போனப்போ நான் வெளியவே நின்னுட்டேன். முன்சக்கரத்தத் தூக்கிச் சுத்தவிட்டு முள்ளப் பாத்துட்டு இருந்தேன். அவ மட்டும் உள்ள போயிட்டு வந்தா. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். "நல்லாருக்குதாமா. நெஞ்சு துடிக்கறதக் கேக்க வெச்சாங்க. உங்களையும் கூப்பிடச் சொன்னாங்க, நான் எட்டிப் பாத்தேன், நீங்க வேலையா இருந்தீங்க"ன்னா. அடுத்த தடவ வர்றேன்னு சொன்னேன்.

சித்திரை ஏழாந்தேதி. காலையில மீட்டரக் கழட்டிட்டு இங்க எடுத்துட்டு வந்தேன். வூட்டுல தூசி. இங்கன்னா மேசை இருக்குது, லைட்டு இருக்குது. இந்த மேசைதான். லோடு அன்னிக்குக் கம்மி. மீட்டர் கண்ணாடிய ஒரு வளையம் பிடிச்சிருக்கும், அத மெதுவா நெம்பி எடுக்கணும். முள்ள ரெண்டு ஸ்பூன் குடுத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவாத் தூக்கணும், இல்லாட்டி ஊசி வளைஞ்சுரும். உள்ள பாத்தா ஒரு காந்தம். அதுக்கு மேல ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாதுங்க. காந்தம் சுத்தறப்போ கிண்ணத்த இழுக்கும். மயிரு மாதிரி ஒரு ஸ்பிரிங் அதப் பிடிச்சு நிறுத்தும். அந்த இழுப்புக்கும் பிடிப்புக்கும் நடுவுலதான் முள்ளு நிக்குது. அவ்வளவுதான் மீட்டரு.

கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவுல கிரீஸு. மார்கழியில நான் தடவுன கிரீஸு. காஞ்சு, தூசி பிடிச்சு, களி மாதிரி இருந்துச்சு. அது ஒட்டறப்போ முள்ளு மேல நின்னுக்கும், விட்டப்போ விழும். தையில இருந்து மூணு மாசமா நான் தேடிட்டு இருந்தது நான் வெச்சதேதான்.

பெட்ரோல்ல துணிய நனைச்சுத் தொடச்சுட்டு இருக்கறேன், போன் அடிச்சுது. இங்க அப்ப தரைவழிப் போன் இருந்துச்சு. பன்னண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும். வாணி.

"ஏனுங்க, வலிக்குதுங்க. காலையில இருந்தே விட்டு விட்டு வலிச்சுது. இப்ப தண்ணி மாதிரி போகுது. வாங்க."

இதோ வர்றேன்னு சொன்னேன். வெச்சுட்டேன்.

மேசையில மீட்டரு பிரிஞ்சு கெடக்குது. மீட்டர் இல்லாம எப்படிங்க கூட்டிட்டுப் போறது? அவ நல்லாருக்கறப்பவே முப்பதுன்னு சொன்னவங்க. வலியில இருக்கறா. இன்னும் ஜாக்கிரதையாப் போகணும். கிண்ணத்த வெச்சேன். ஸ்பிரிங்க மாட்டுனேன். முள்ள ஜீரோவுல நிறுத்தி அழுத்துனேன். கை நடுங்கல. அந்த மாதிரி வேலையில எனக்குக் கை நடுங்காது. கண்ணாடி, வளையம். வண்டியில மாட்டி, மரைய முறுக்கி, சக்கரத்தத் தூக்கிச் சுத்தவிட்டுப் பாத்தேன். முள்ளு ஏறுச்சு, நின்னுச்சு, எறங்குச்சு. ஆட்டமே இல்ல. எல்லாம் சேத்து நாப்பது நிமிஷம். நடுவுல போன் இன்னொரு தடவ அடிச்சுது. கையில முள்ளு இருந்ததுனால எடுக்கல.

வூட்டுக்குப் போனா கதவு சாத்திருக்குது. பக்கத்து வூட்டு அக்கா சொன்னாங்க, பால் வேன் வந்துச்சு, அதுல ஏத்தி விட்டுட்டோம், போயிக் கால் மணி நேரம் ஆச்சு, நீங்க எங்க போனீங்கன்னு. வாசல்ல ஒரு செருப்பு கெடந்துச்சு, வாணியோடது, ஒத்தை. அத எடுத்து உள்ள வெச்சுட்டு வண்டிய எடுத்தேன்.

தாராபுரத்துக்கு முப்பதுலதான் போனேனுங்க.

ஆமாங்க, நான் மட்டுந்தான். பின்னால யாரும் இல்ல. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. முள்ளு முப்பதுல நின்னுச்சு. ரோட்டுல குழி வந்துச்சு, அசையல. வேகத்தடை வந்துச்சு, எறங்கி மறுக்கா முப்பதுக்கே வந்து நின்னுச்சு. பதினெட்டுக் கிலோமீட்டர், முப்பத்தாறு நிமிஷம். வாட்ச்சுலயும் பாத்தேன், சரியா இருந்துச்சு. வழியில பஸ்ஸு, லாரி, ஒரு சைக்கிள்காரன் கூட எறக்கத்துல என்னத் தாண்டிப் போனான்.

நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. பொண்ணு. இருவது நிமிஷம் மூச்சு இருந்துச்சாமா. மகுடேசுதான் சொன்னான். அவன் நடந்தே வந்துட்டான், ரெண்டு தெருதான.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. "தையல் தாங்கல. சில பேருக்கு இப்படி ஆயிரும். உங்க மேல தப்பில்ல, அவங்க மேலயும் தப்பில்ல. வண்டியில வந்துட்டுப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னாங்க.

"நீங்க முப்பதுன்னு சொன்னீங்களே"ன்னு கேட்டேன்.

"என்ன முப்பது?"

"முப்பதுக்கு மேல வேண்டாம்னீங்க. மார்கழியில."

"மெதுவா வாங்கன்னு சொல்லிருப்பேன்"னாங்க. அந்த நம்பர் அவங்களுக்கு ஞாபகமே இல்லைங்க.

வாணியப் பாக்க விட்டாங்க. கட்டில்ல படுத்திருந்தா. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. "எங்க இருந்தீங்க?"ன்னா. கோவமாக் கேக்கல, சும்மாத்தான் கேட்டா.

"மீட்டர மாட்டிட்டு வந்தேன். முள்ளு நின்னுருச்சு வாணி. முப்பதுல ஆடாம அசையாம வந்துச்சு"ன்னு சொன்னேன். ஏதாச்சும் நல்ல சேதி சொல்லணும்னு தோணுச்சு. அது ஒண்ணுதான் இருந்துச்சு என்கிட்ட.

அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. தூக்கம் வந்துருச்சாட்ட இருக்குது.

ஆசுபத்திரி குடுத்த சீட்டுல கொழந்தை எடை எழுநூத்தி இருவது கிராம்னு எழுதிருந்துச்சு. இந்த மேடையில பத்துக் கிலோவுக்குக் கீழ காட்டாதுங்க. பத்துக் கிலோவுக்குக் கீழ எத வெச்சாலும் ஜீரோதான். வெள்ளத் துணியில சுத்திக் குடுத்தாங்க. மகுடேசு அவன் வண்டிய ஓட்டுனான், நான் பின்னால மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அவன் மீட்டர நான் பாக்கல. அன்னிக்குப் பாக்கல. என்ற வண்டி அஞ்சு நாள் ஆசுபத்திரி வாசல்லயே நின்னுச்சு. வாட்ச்மேன் ஆள் விட்டுச் சொல்லித்தான் போயி எடுத்துட்டு வந்தேன்.

வாணி நாலு மாசம் அவங்க அம்மா வூட்டுல இருந்தா. பொறவு ஒரு நாள் பையோட பஸ்ஸுல வந்து எறங்குனா. சொல்லிட்டு வரல. சோறாக்குனா, துணி தொவைச்சா. சண்டை போடல, அழுகல. மத்தவங்க வூட்டுல எல்லாம் பேசுவாங்களாமா, சாமான எல்லாம் வீசுவாங்களாமா. எங்க வூட்டுல அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த வகையில பரவால்ல. என்ற வண்டியில மட்டும் ஏறல. எங்க போனாலும் பஸ்ஸுதான். முள்ளு இப்ப ஆடறதில்ல புள்ள, தைரியமா உக்காருன்னு ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்தேன். "நான் பஸ்ஸுல வர்றேன், நீங்க போங்க"ன்னுருவா. அதுக்குப் பொறவு எங்களுக்குக் கொழந்தை இல்லைங்க. டாக்டர்கிட்டயும் போகல. கேட்டேன் ஒரு தடவ. வேண்டாம்னுட்டா.

பால் சொசைட்டியில எழுத வேலைக்குப் போறா இப்ப. ஆறு வருசமா. காலையில அஞ்சு மணிக்கே அங்க இருக்கணும், பஸ்ஸு இல்ல. அதுக்காக ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கிட்டா. அவளே ஓட்டப் பழகிட்டா. நான் சொல்லிக் குடுக்கறேன்னு சொன்னேன், சொசைட்டியில ஒரு பொண்ணுகிட்டக் கத்துக்கிட்டா. நல்லா ஓட்டறா. வேகமாத்தான் போறாளாமா. பாத்தவங்க சொல்லுவாங்க. எவ்வளவுல போறேன்னு கேட்டா, தெரியாதுன்னுவா.

போன ஐப்பசியில எனக்குக் காய்ச்சல். அஞ்சு நாளா விடல, எந்திரிச்சு நின்னாக் கண்ணு இருட்டுது. வாணிதான், ஏறுங்கன்னு ஸ்கூட்டியில உக்கார வெச்சா. மொதத் தடவைங்க, நான் அவளுக்குப் பின்னால உக்காந்தது. தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். வண்டி போயிட்டே இருக்குது, முள்ளு ஜீரோவுலயே நிக்குது.

"ஏம்புள்ள, மீட்டரு ஓடலையே."

"ஆமா."

"எப்பருந்து?"

"வாங்குனதுல இருந்தே."

"கேபிள் அறுந்திருக்கும். பத்து நிமிஷ வேலைதான். காய்ச்சல் விட்டதும் நான் கழட்டி..."

"அதத் தொடாதீங்க"ன்னா.

சத்தமாச் சொல்லல. வண்டியக் கூடக் கொறைக்கல. நான் வேற ஏதோ சொல்ல வந்தேன், "வேண்டாம். தொடாதீங்க"ன்னு மறுக்காச் சொன்னா. சரின்னுட்டேன். காசு செலவாகும்னு நெனச்சிருப்பா. நான் கல்லு எண்ணிப் பாத்தேன், காய்ச்சல்ல கணக்கு நிக்கல. எவ்வளவுல போனாள்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆசுபத்திரியில ரெண்டு பாட்டில் ஏத்தணும்னு படுக்க வெச்சுட்டாங்க. அவ பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்தா. நர்ஸு வந்து, "நாலு மணி நேரம் ஆகும்க்கா, நீங்க வேணும்னா வூட்டுக்குப் போயிட்டு வாங்க"ன்னு சொல்லிச்சு. இருக்கறேன்னா. சாயங்காலப் பாலுக்கு சொசைட்டிக்குப் போகலையான்னு நான் கேட்டேன். போகலைன்னா. கையில போன் இல்ல, புஸ்தகம் இல்ல. பக்கத்துக் கட்டில்காரங்களோட பேசவும் இல்ல. மருந்து சொட்டறதப் பாத்துட்டு, என்னைப் பாத்துட்டு, அப்படியே உக்காந்திருந்தா. எனக்குத் தூக்கம் வந்துருச்சு. முழிச்சுப் பாத்தா அப்பவும் அதே மாதிரி உக்காந்திருக்கறா.

"எதுக்கு இப்படிச் சும்மா உக்காந்திருக்கற?"ன்னு கேட்டேன்.

அவ போர்வைய இழுத்துக் காலுக்கு மேல போட்டு விட்டுட்டு, மறுக்காப் போயி அதே ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டா.

நானும் அதுக்குப் பொறவு எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்தேனுங்க. நாலு மணி நேரம். பண்றதுக்கு அங்க அவளுக்கு ஒரு வேலையும் இல்ல.